ரெண்டு தலை... எட்டு லட்சம்!

திண்டுக்கல் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? பூட்டு, பிரியாணி, பக்கத்திலிருக்கும் சின்னாளபட்டிச் சேலை... இந்த மூன்றில் ஒன்று. மனைவியோடு போகிறவர்களுக்குச் சேலை, நண்பர்களோடு போகிறவர்களுக்குப் பிரியாணி, தனியாகப் போகிறவர்களுக்குப் பூட்டு (வீட்டைப் பூட்டினோமா, இல்லையா?). எனக்கும் அப்படித்தான் இருந்தது, போன ஐப்பசி வரைக்கும். இப்போது திண்டுக்கல் என்றால் எனக்கு ஒரு பாம்பு ஞாபகம் வருகிறது.

பயப்படாதீர்கள். கடிக்காத பாம்பு. கடித்தது வேறு ஆசாமி. அவருக்குக் காலும் உண்டு, கையும் உண்டு, பாக்கெட்டில் ரெண்டு செல்போனும் உண்டு. பிறகு சொல்கிறேன்.

"மாப்ளே, ஞாயித்துக்கிழமை ஃப்ரீயா? சிறுமலைக்குப் போயிட்டு வருவோம். க்ளைமேட் பிரமாதமா இருக்காம்!" என்று கூப்பிட்டவன் என் கல்லூரி நண்பன். பி.காம். மூன்று வருஷமும் ஒரே பெஞ்ச். இப்போது ஒரு கம்பெனியில் கேஷியர். பெயர் வேண்டாம்; அவன் மாமனார் இந்தப் பத்திரிகையை அட்டை டு அட்டை படிக்கிறவர். 'கேஷியர்' என்றே வைத்துக்கொள்வோம்.

கேஷியர் சொந்தக் காசில் டீ வாங்கிக் கொடுத்து நான் பார்த்ததில்லை. அப்பேர்ப்பட்டவன் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில், "நீ உட்காரு, டிக்கெட் நான் எடுக்கறேன்" என்றான். அப்போதே உஷாராகியிருக்க வேண்டும். ஜன்னலோர சீட் கிடைத்த சந்தோஷத்தில் விட்டுவிட்டேன்.

திண்டுக்கல்லிலிருந்து சிறுமலை சுமார் 25 கிலோ மீட்டர். கொண்டை ஊசி வளைவுகள் 18. முதல் நாலைந்து வளைவு வரைக்கும் சிறுமலையின் மேல் உங்களுக்குப் பெரிய மரியாதை வராது. முள்ளுக்காடு, பாறை, வெக்கை. டவுனிலிருந்து வெயிலும் நம்மோடு டிக்கெட் எடுத்துக்கொண்டு வருகிற மாதிரி இருக்கும். அப்புறம்தான் வேலையைக் காட்டுகிறது மலை. மரங்கள் உயர்ந்துகொண்டே போகின்றன. காற்றில் ஈர மண் வாசனை. கீழே திண்டுக்கல் மலைக்கோட்டை யாரோ வைத்துவிட்டு மறந்துபோன சந்தனக் கட்டி மாதிரி சின்னதாகத் தெரிகிறது. சஞ்சீவி மலையைத் தூக்கிக்கொண்டு அனுமார் பறந்தபோது கீழே விழுந்த துண்டுதான் சிறுமலை என்று இங்கே சொல்வார்கள். (தமிழ்நாட்டில் அனுமார் சிந்திய துண்டுகளைக் கூட்டினால் சஞ்சீவி மலையில் மிச்சம் எதுவும் இருந்திருக்காது. அதை விடுங்கள்.)

ஒன்பதாவது வளைவில் கேஷியர் வாயைத் திறந்தான்.

"மாப்ளே... மேல ஒருத்தன்கிட்ட ஒரு சரக்கு இருக்கு. சும்மா பாத்துட்டு வந்துருவோம்."

"என்ன சரக்கு?"

முன் சீட், பின் சீட் எல்லாம் பார்த்துவிட்டுக் காதருகே வந்து, "மண்ணுளி" என்றான்.

எனக்குப் பகீரென்றது. கேள்விப்பட்டிருப்பீர்கள். மண்ணுளிப் பாம்பு, இருதலைப் பாம்பு, இருதலை மணியன் என்றெல்லாம் ஊருக்கு ஒரு பெயர். வால் முனை மழுங்கித் தலை மாதிரியே இருக்கும். 'ஆறு மாசம் இந்தப் பக்கம் தலை, ஆறு மாசம் அந்தப் பக்கம் தலை' என்று பாட்டிமார் சொல்வது இதைத்தான். (அரையாண்டுக்கு ஒருமுறை கணக்கு முடிக்கிற பாம்பு!) நக்கினால் குஷ்டம் வரும் என்று அந்தக் காலத்தில் அடித்துக் கொன்றார்கள். வீட்டில் வைத்திருந்தால் கோடி வரும், மருந்துக்கு ஆகும், வெளிநாட்டில் வாங்குகிறார்கள் என்று இந்தக் காலத்தில் பிடித்துக் கொல்கிறார்கள். ரெண்டும் புளுகு. விஷமில்லாத, எலி தின்கிற, சாதுவான பாம்பு அது. எடையைக் கூட்ட அதற்குள் என்னென்னவோ திணிக்கிற புண்ணியவான்களும் உண்டு. வாங்கப்போய்ப் பணத்தைத் தொலைத்தவர்கள், விற்கப்போய்ப் போலீசில் மாட்டியவர்கள் படத்தோடு பேப்பரில் வருவார்கள். துண்டால் முகத்தை மூடிக்கொண்டு நிற்பார்களே, அவர்கள்தான்.

"எவ்வளவுடா கொடுத்தே?" என்றேன் நேராக.

"எங்க கொடுத்தேன்... சும்மா பாக்கத்தான்..."

"எவ்வளவு?"

"இருபத்தஞ்சு."

"இருபத்தஞ்சு ரூபாயா?"

"ஆயிரம். டெஸ்ட்டுக்கு மாப்ளே. ஸ்கேன் பண்ணி சர்ட்டிபிகேட் வாங்கணுமாம். சென்னைல பார்ட்டி ரெடி. எட்டு லட்சம். புரோக்கர் சொல்லிட்டாரு."

பணம் எங்கிருந்து வந்தது என்று நான் கேட்கவில்லை. பத்தாவது வளைவில் அவனே சொன்னான். மனைவியின் ரெண்டு பவுன் செயின், அடகுக் கடையில். அறுந்துபோனதைப் பத்த வைக்கக் கொடுத்திருப்பதாக வீட்டில் கணக்கு.

கேஷியர் முட்டாள் இல்லை சார். ஆபீஸில் ஒரு ரூபாய் உதைத்தாலும் ராத்திரி ஒன்பது மணி வரை உட்கார்ந்து கண்டுபிடிக்கிறவன். ஆனால் பையனுக்கு ஸ்கூல் ஃபீஸ், வீட்டு வாடகை, அட்வான்ஸ் பிடித்தம் போகக் கைக்கு வருகிற சம்பளம் என்று மாசாமாசம் அதே கூட்டலைப் போட்டுப் போட்டு, விடை மாறாமல் வருகிறபோது, எட்டு லட்சம் என்று ஒருத்தன் சொன்னால் ஒரு நிமிஷம் நம்பத் தோன்றும். எனக்கும் தோன்றியிருக்கும்.

மற்ற எட்டு வளைவுகளையும் நான் ரசிக்கவில்லை. 1972-ம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் 'துணைக்குப் போனவன்' என்று ஏதாவது பிரிவு இருக்குமா என்று யோசித்துக்கொண்டே வந்தேன்.

ஆனால் மேலே இறங்கியதும் மனசு லேசாகிவிட்டது. சிறுமலையின் குணம் அது. கொடைக்கானல் மாதிரி ஏரியைச் சுற்றிக் கடை, சைக்கிள், தொப்பி என்ற ஆர்ப்பாட்டமெல்லாம் கிடையாது. மழை பெய்து ஓய்ந்திருந்தது. காப்பிச் செடிகளுக்கு மேலே பலா மரங்கள், மரத்தைச் சுற்றி மிளகுக் கொடி, நடுவில் எலுமிச்சை, வாழை.  ரோடு போகாத தோட்டங்களுக்கு இன்னமும் குதிரைதான் லாரி. ரெண்டு பக்கமும் மூட்டை தொங்க, மணி ஆட்டிக்கொண்டு எதிரே வருகின்றன. நாம்தான் ஒதுங்க வேண்டும், அவை ஒதுங்காது.

சிறுமலை வாழைப்பழம் சாப்பிட்டிருக்கிறீர்களா? சின்னப் பழம், தடித்த தோல், நாள்பட்டாலும் லேசில் அழுகாது, தேன். 1970-களில் முடிக்கொத்து நோய் வந்து இந்தப் பக்கத்து மலை வாழையில் பெரும்பகுதியை அழித்துவிட்டது. மிஞ்சியதை வைத்துத்தான் மறுபடி தலையெடுத்திருக்கிறது. விருப்பாட்சி வாழையைப் போல இதற்கும் புவிசார் குறியீடு கொடுத்திருக்கிறார்கள். பஸ் நிற்கிற இடத்தில் ஒரு பெரியவர் குதிரையிலிருந்து தார் இறக்கிக்கொண்டிருந்தார். ஆளுக்கு ரெண்டு பழம் வாங்கி உரித்துக்கொண்டே வழி கேட்டோம். கேஷியர் சொன்ன தோட்டத்தின் பெயரைக் கேட்டதும் பெரியவர் எங்களை ஏற இறங்கப் பார்த்தார்.

"பாம்பு பாக்க வந்தீகளாக்கும்?"

ரகசியம் அவ்வளவு லட்சணத்தில் இருந்தது!

"நானும் அங்கிட்டுத்தான் போறேன். வாங்க தம்பி" என்று குதிரையைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தார்.

தோட்டக் காவல்காரனுக்கு இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயசிருக்கும். எங்களைப் பார்த்ததும் கை நடுங்கிற்று அவனுக்கு. குடிசைக்குள் போய், துணி சுற்றிய பிளாஸ்டிக் டப்பா ஒன்றைக் குழந்தையை ஏந்துகிற மாதிரி ஏந்தி வந்தான். உள்ளே பாதி வரைக்கும் காய்ந்த ஆற்று மணல். அவன் விரலால் மணலைக் கிளற, கிளற...

வந்தது ஒரு முழம்கூட இல்லை. விரல் கனம். மஞ்சள் கலந்த பழுப்பில் கறுப்புப் புள்ளிகள். மூக்கு, சீவிய பென்சில் மாதிரி கூர். கண் இருக்கிறதா என்று தேட வேண்டியிருந்தது. வால் மட்டும் கத்தியால் சரிவாகச் சீவிவிட்டது போல முடிந்து, அந்த இடம் சொரசொரவென்று இருந்தது.

"இதுவா எட்டு லட்சம்?" என்றேன்.

"எட்டா?" என்றான் காவல்காரன். "எங்கிட்ட ஒன்றரைன்னுல்ல சொன்னாரு!"

பெரியவர் டப்பாவை வாங்கிப் பார்த்தார். "இது மண்ணுளியே இல்லடா கிறுக்கா. மண்ணுளி கீழ, செம்மண்ணுல, வறண்ட காட்டுல கெடக்கும். மொத்தமா, கை கனம் இருக்கும். இது மேக்காட்டுப் பாம்பு. காப்பிக்குக் குழி வெட்டுனா மண்ணோட வரும். புழுவத் திங்கும். இதப் போயி மணல்ல போட்டு வச்சிருக்கியே, பாவி. வெளங்குமா? ஈரம் இல்லன்னா செத்துப்போயிரும்."

அவர் அதை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். 'ஐயோ' என்று உதறத்தான் நினைத்தேன். அதற்குள் அது என் ஆள்காட்டி விரலைச் சுற்றிக்கொண்டுவிட்டது. கடிக்கவில்லை, வாயையே திறக்கவில்லை. அந்தக் கூர்மூக்கை என் ரெண்டு விரல் இடுக்கில் வைத்து முட்டு, முட்டு என்று முட்டியது. விரல் விலகியது சார்! பென்சில் கனத்துக்கு அவ்வளவு பலம். என் கைக்குள் புகுந்து ஒளிந்துகொள்ளப் பார்த்தது, அவ்வளவுதான். மேகம் விலகி வெயில் பட்டதும் அதன் உடம்பில் நீலமும் ஊதாவுமாக ஒரு மினுக்கு ஓடியது, மழைத் தண்ணீரில் பெட்ரோல் சிந்தினால் தெரியுமே, அந்த மாதிரி.

நான் எடுத்த போட்டோவைக் கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுக்கும் நண்பர் ஒருவரிடம் பிறகு காட்டினேன். மனிதர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். கேடய வால் பாம்பு இனமாம். ஐம்பதுக்கு மேல் வகை இருக்கிறது. அத்தனையும் தீபகற்ப இந்தியாவிலும் இலங்கையிலும் மட்டும்தான், உலகத்தில் வேறெங்கும் கிடையாது. முட்டை போடாமல் குட்டி போடும். விஷம் கிடையாது. இந்த மலையில் உள்ள ஒரு வகைக்கு 1877-ல் ரிச்சர்ட் ஹென்றி பெட்டோம் பெயர் வைத்திருக்கிறார். ராணுவத்திலிருந்து வந்து சென்னை மாகாண வனத்துறைக்கே தலைவராக இருந்தவர். கேடய வால் பாம்புகளில் பாதிக்கு ஞானஸ்நானம் செய்தவர் அவர்தான் என்று சொல்லலாம். அதன் இன்றைய பெயர், யூரோபெல்டிஸ் திண்டிகலென்சிஸ். திண்டுக்கல்லேதான்! பூட்டுக்கும் பிரியாணிக்கும் முன்னாலேயே விஞ்ஞானத்தில் நம் ஊர்ப் பெயரை ஏற்றியது ஒரு பாம்பு.

"போட்டோவில் இருப்பது அதுதானா என்று செதில் எண்ணினால்தான் அடித்துச் சொல்ல முடியும்" என்றார் நண்பர். நான் பி.காம். நோட்டு எண்ணுவேன், செதில் நமக்கு வராது.

"அது ஏன் சார் சிறுமலையில் மட்டும்?" என்று கேட்டேன். அவர் சொன்ன பதில்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. இந்தப் பாம்புக்கு ஈர மண்ணும் இலை மக்கும் மண்புழுவும் வேண்டும். மலையை விட்டு இறங்கினால் நாலு பக்கமும் கொதிக்கிற சமவெளி. நத்தம் பக்கம் போனாலும் வாடிப்பட்டி பக்கம் போனாலும் அதற்கு மரணம்தான். கடல் நடுவில் தீவு மாதிரி, வெயில் நடுவில் சிறுமலை. ஏற்காட்டுச் சேர்வராயன் மலைக்கும் இதே மாதிரி தனியாக ஒரு கேடய வால் பாம்பு உண்டாம். பக்கத்து மலைக்குப் பெண் கொடுத்துப் பெண் எடுக்க வழியில்லாமல், அதது அங்கங்கேயே தலைமுறை தலைமுறையாக இருந்து, தனித்தனி ஜாதியாகிவிட்டது.

அப்புறம் அந்த முட்டு. கார்ல் கான்ஸ் என்ற அறிஞரும் அவருடைய சகாக்களும் அதை ஆராய்ந்து 1978-ல் எழுதியிருக்கிறார்கள். இந்தப் பாம்பு ஒரு கூட்ஸ் ரயிலாம்! முன்பகுதிச் சதை மட்டும் எஞ்சின். ஆக்ஸிஜன் பிடித்து வைத்துக்கொள்கிற சிவந்த சதை, சளைக்காமல் உழைக்கும். பின்பகுதி வெறும் வேகன். வெளிறின சதை, இழுத்த இழுப்புக்கு வரும். தோலுக்குள்ளேயே முதுகெலும்பு நெளிந்து மடங்கும். தலையணை உறைக்குள் மடித்துத் திணித்த வேட்டி மாதிரி. அப்போது உடம்பு பருத்துச் சுரங்கத்தின் சுவரை இறுக்கிப் பிடித்துக்கொள்ள, எலும்பை நீட்டித் தலையை முன்னால் குத்தும். உடம்புச் செதிலில் மண் ஒட்டாது, வழுக்கும். வால் கேடயத்தில் மட்டும் வேண்டுமென்றே மண் ஒட்டும். பின்னால் யாராவது துரத்தி வந்தால், வழியை அடைக்கிற மண் மூடி அது. திண்டுக்கல் பாம்பாச்சே, பூட்டு இல்லாமலா!

இதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. அன்றைக்கு அந்தக் குடிசை வாசலில் எங்களுக்கு வேறு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது.

"நீ எதுவும் பணம் கொடுத்தியாப்பா?" என்று காவல்காரனைக் கேட்டேன்.

தலையைக் குனிந்துகொண்டான். "மூவாயிரம்ணே. லைசென்ஸு எடுக்கணும்னாரு."

"யாரு?"

அவன் சொன்ன பெயரும் கேஷியர் சொன்ன பெயரும் ஒன்று. ரெண்டு பேரும் செல்போனை எடுத்து நம்பரைச் சரிபார்த்தார்கள். நம்பர் மட்டும் வேறு வேறு. வாங்குகிறவனுக்கு ஒரு போன், விற்கிறவனுக்கு ஒரு போன். இரட்டைப் பதிவு முறையைக் கல்லூரியில் மூன்று வருஷம் படித்தும் எனக்குப் புரியாததை அந்த ஆள் ரெண்டு செல்போனில் புரிய வைத்துவிட்டார். ரெண்டு பக்கமும் பற்று, நடுவில் ஒருத்தருக்கு மட்டும் வரவு. உண்மையான இருதலைப் பாம்பு!

காவல்காரன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். கேஷியர் அழவில்லை. டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தான். மனசுக்குள் வட்டி போடுகிறான் என்று எனக்குத் தெரியும். திடீரென்று, "பெரியவரே, இத எங்க விடணும்?" என்று கேட்டான்.

தோட்டத்துக்கு மேலே, ஓடை ஓரமாக, வெட்டாத காடு கொஞ்சம் இருந்தது. அட்டை கடித்தது. பொருட்படுத்தாமல் ஏறினோம். பெரியவர் ஒரு மரத்தடியில் காலால் சருகை ஒதுக்கினார். கறுப்பு மண், டிகாக்‌ஷன் இறங்கிய காப்பித்தூள் மாதிரி ஈரமாக, மணமாக. கேஷியர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தன் தண்ணீர் பாட்டிலிலிருந்து பாம்பின் மேல் கொஞ்சம் ஊற்றினான். பிறகு கையைத் தரையோடு வைத்தான்.

கொஞ்ச நேரம் அது அசையவே இல்லை. எனக்கு வயிற்றைக் கலக்கியது. எத்தனை நாள் அந்த மணலில் கிடந்ததோ. "போ ராசா, போ" என்றார் பெரியவர். காவல்காரன் கைகூப்பிக்கொண்டு நின்றான்.

மூக்கு லேசாக அசைந்தது. மண்ணைத் தொட்டது. ஒரு குத்து. இன்னொரு குத்து. தலை உள்ளே போயிற்று. முன்பகுதி பருத்து, இளைத்து, பருத்து, இளைத்து, எஞ்சின் கிளம்பிவிட்டது. வேகன்கள் ஒவ்வொன்றாகப் பின்னால் போயின. கடைசியில் அந்தச் சொரசொர வால் மட்டும் வெளியே நின்றது, அதன்மேல் ஒரு சிட்டிகை கறுப்பு மண்ணோடு. பிறகு அதுவும் இறங்கியது. எங்கே இறங்கியது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. அந்த மண் மூடி இடத்தை அடைத்துவிட்டது.

"எட்டு லட்சம் உள்ள போயிருச்சுடா" என்றேன், சூழ்நிலையை லேசாக்க. கேஷியர் சிரிக்கவில்லை. ஆனால் எழுந்து கையைத் தட்டிக்கொண்டபோது முகம் காலையில் இருந்ததைவிடத் தெளிவாக இருந்தது.

கடைசி பஸ்ஸுக்கு முன் பஸ்ஸைப் பிடித்தோம். பெரியவர் காசு வாங்க மறுத்து ஒரு பை எலுமிச்சை கொடுத்தார். காவல்காரன் பஸ் வரைக்கும் வந்து, "போலீஸ்ல சொல்லலாமாண்ணே?" என்று கேட்டான். சொல்லலாம்தான். 'ஐயா, பாம்பு விற்கப் போன இடத்தில் ஏமாந்துவிட்டேன்' என்று எந்த வாயால் சொல்வது? அந்தப் புரோக்கரின் முதலே அதுதானே! "இனிமே போன் வந்தா எடுக்காத" என்று மட்டும் சொன்னேன். அதையும் அரைமனசாகத்தான் சொன்னேன்.

இறங்கும்போது அதே பத்தாவது வளைவு பக்கம் கேஷியரின் போன் அடித்தது. புரோக்கர்!

"என்ன சார், சரக்கு பாத்தீங்களா? எப்படி? இன்னொரு பதினஞ்சு ரெடி பண்ணீங்கன்னா..." பக்கத்து சீட்டில் எனக்கே கேட்டது.

"பாத்தேன்" என்றான் கேஷியர் நிதானமாக. "உங்க அளவுக்குப் பெருசா இல்ல." வைத்துவிட்டான்.

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் இறங்கினால் விளக்கு, இரைச்சல், வெக்கை. வழக்கம்போல் பிரியாணி வாசனை. நான் அந்தப் பக்கம் திரும்ப, கேஷியர் பழக்கடைப் பக்கம் திரும்பினான். சிறுமலைப் பழத்தில் நல்லதாகப் பார்த்து ரெண்டு சீப்பு பேரம் பேசாமல் வாங்கினான். பேரம் பேசாமல்! மறுபடியும் எனக்குப் பகீரென்றது.

"வீட்ல இன்னிக்கு ராத்திரியே சொல்லிடறேன் மாப்ளே."

"சரி. அதுக்கு எதுக்குடா ரெண்டு சீப்பு?"

"ரெண்டு பவுனாச்சே" என்றான்.